பெறுநர்

புதுவயல் காவல் நிலையத்துக்கு எதிரே என் கடை.
ஒரு கணினி, ஒரு ஜெராக்ஸ், சத்தம் போடுகிற மின்விசிறி.
மனு ஒன்றுக்கு அறுபது ரூபாய்,
அழுதுகொண்டே சொன்னாலும் அறுபதுதான்.
எதிரே அந்தச் சிவப்பு நீலப் பலகை இல்லாவிட்டால்
எனக்குச் சோறில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்து வீடுகளின் தரை
உங்களுக்குத் தெரிந்திருக்கும்.
ஆத்தங்குடிக் கல், உமியும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தது.
மேலே பார்த்தால் ரங்கூன் தேக்கு,
கீழே பார்த்தாலும் அதே தேக்கு.
கல்யாணத்தில் ஐந்நூறு பேர் ஈரக்காலோடு ஓடுகிறார்கள்,
ஒருவரும் விழுந்து நான் பார்த்ததில்லை.
ஊரில் வழுக்குகிற தரை ஒன்றே ஒன்று:
சொரசொரச் சிமெண்டு, நாலடிக்கு மூன்றடி,
எதிர்க் கட்டடத்தின் பின்பக்கம்.

பூட்டிக் கிடந்த மூன்றுகட்டு வீட்டில்
பித்தளை அண்டா நாலு காணோம்.
சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது.
"மேற்படி வீட்டைப் பெருக்கும் செகப்பி என்பவரின் மகன்
பூமிராசு மீது சந்தேகம் உள்ளது."
அந்த வரியை அடித்தது நான்.
அடித்தது என்றால்,
தட்டச்சு.

மூன்றாம் நாள் வெளியே வந்தான்,
வலக்கை மாவுக்கட்டில்.
அண்டா நாலும்
பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தன, சொல்லாமல்.
"கழிவறையில் நானாகவே வழுக்கி விழுந்தேன்.
யார் மீதும் புகார் இல்லை."
அதையும் நான்தான் அடித்தேன்.
பத்தாவதில் நானூற்றுப் பன்னிரண்டு எடுத்தவன்
இடது பெருவிரலை உருட்டி வைத்தான்.
செகப்பியிடம் காசு வாங்கவில்லை.
அவளும் நன்றி சொல்லவில்லை.

அடுத்த மாசியில்
ஆலைக் களத்தில் நெல் கிளறுகிற பெண்கள்
வீட்டுக்கு வீடு கதவில் ஒரு நம்பரைக் கரியால் எழுதினார்கள்.
பழைய பட்டன் போன்.
வாரம் ஒரு வீட்டில் இருக்கும், சார்ஜரோடு.
நூறுக்கு அடிக்குமுன் இதற்கு அடி.

முதல் ராத்திரி சவரிராசு,
குடித்துவிட்டு, அரிவாளோடு, மனைவியைத் தேடி.
ஆறு பேர் போனார்கள்.
கபீரின் ஆட்டோ அவளைக் கண்டனூரில் இறக்கிவிட்டு வந்தது.
மற்றவர்கள் அவன் வாசலில் குந்தியிருந்தார்கள்.
புத்தி சொல்லவில்லை.
ஒருத்தி பீடி கொடுத்தாள்.
நாலு மணிக்கு வாந்தி எடுத்தான்,
அப்புறம் அழுதான், அப்புறம் தூங்கினான்.
அந்த அரிவாள் இப்போது
செகப்பி வீட்டில் மட்டை சீவுகிறது.
எனக்கு அன்று அறுபது ரூபாய் நட்டம்.

வைகாசியில் சறுக்கினார்கள்.
காணாமல்போன மொபெட்டுக்கு
தப்பான பையனைத் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள்.
அவன் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்க
ஐந்து நாள் ஆயிற்று.
கேட்டார்கள்.
பதினேழு வருடமாய் எதிரிலிருந்து வரும் தாள்களை
நகல் எடுக்கிறேன்.
அந்தச் சொல்லை ஒன்றிலும் பார்த்ததில்லை.

"கொலை நடந்தா?" என்று கேட்டேன்.
செகப்பி யோசித்தாள்.
"தெரியல. கொலைக்கு முந்தின நாளு போறதுக்குத்தான்
இந்த போனு."
எனக்கு அது போதவில்லை.
அவளுக்கும் போதவில்லை என்று முகம் சொன்னது.

இன்று வந்திருக்கிறாள்,
யார் வீட்டில் எந்த வாரம் போன் என்று பட்டியல் அடிக்க.
அனுப்புநர்: ஆலைக்களத் தெருவார்.
பெறுநர்:
விரல் பழக்கத்தில்
"உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்" என்று ஓடிவிட்டது.
ஒவ்வோர் எழுத்தாய் அழித்தேன்.
"எங்க பேரையே போடுங்க."
"அது மேலேயே இருக்கே."
"ரெண்டு எடத்துலயும் போடுங்க."

வாசலில் பூமிராசு,
முழுதாய் நீளாத கையால்
சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாற்பது பிரதி, ஒன்று இரண்டு ரூபாய் என்றேன்.
ஒன்றரை என்றாள்.
எதிரே பாராக்காரர்
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்றே முக்காலுக்கு முடிந்தது.